ஐந்தரை மணி நேரம் பின்னால் போன கடிகாரம்: கணினி கேள்வி–பதில்

வீட்டுக் கணினியைப் பூட்டி வைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்தவற்றில் திண்டுக்கல் வாசகியின் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை செய்கிறேன். 2014இல் வாங்கிய மேசைக் கணினி, விண்டோஸ் 10 ஹோம். மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணத்தின் கணக்கை அதில் ஓர் எக்செல் கோப்பில் எழுதி வருகிறேன். கணினிக்கு 14 எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்திருக்கிறேன். அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பொங்கலுக்கு வந்திருந்த என் கணவரின் அண்ணன் மகன் பொறியியல் படிக்கிறான். நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் மட்டும் வீட்டில் இருந்தான். மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, “சித்தி கையில் இவ்வளவு இருக்கிறதே” என்று தொகையை ரூபாய் பிசகாமல் சொன்னான். என் மாமியார் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணினியை அணைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது பழைய பாஸ்வேர்டிலேயே திறந்தது. ஒன்று மட்டும் புரியவில்லை: அன்று மாலை கணினியின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. என் பாஸ்வேர்டை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, அவன் உங்கள் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கவே இல்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது: அந்தக் கடிகாரம்.

கணினியின் தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸோ அதில் இருப்பது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். லினக்ஸ் இணையத்தோடு சேர்ந்து சிறிது நேரம் ஓடினால் தாய்ப்பலகைக் கடிகாரத்தைத் தன் கணக்குப்படி திருத்தி எழுதிவிடும். அடுத்து விண்டோஸைத் திறக்கும்போது மணி பின்னால் காட்டும். இணையத்தில் சரிபார்த்த பிறகு நேராகும். உங்கள் கணினியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். பையன் லினக்ஸ் இருக்கும் பென் டிரைவ் ஒன்றைச் செருகிக் கணினியை அதிலிருந்து எழுப்பியிருக்கிறான். அப்படிச் செய்தால் உங்கள் விண்டோஸ் விழிப்பதே இல்லை. விழிக்காத காவலாளி யாரிடம் கடவுச்சொல் கேட்பான்? ஹார்ட் டிஸ்க் வெறும் அலமாரியாகத் திறந்து கிடக்கும். உங்கள் எக்செல் கோப்பை இரண்டு முறை தட்டினால் போதும்.

பென் டிரைவ்கூட வேண்டியதில்லை. கும்பகோணத்தில் 1998 முதல் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் கெட்டுப்போய்த் திறக்க மறுக்கும் கணினியிலிருந்து கல்யாணப் படங்களை மீட்டுத் தரும்படி வாரம் ஒருவராவது வருவார். பெட்டியின் பின்புறம் இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை நகர்த்துவேன். ஹார்ட் டிஸ்கில் செருகியிருக்கும் தரவுக் கேபிளையும் மின்சாரக் கேபிளையும் பிடுங்குவேன். டிஸ்கை யு.எஸ்.பி. உறையில் போட்டு என் கணினியில் இணைப்பேன். அவர்களுடைய கோப்புறையைத் தொட்டால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஓர் அறிவிப்பு வரும். அதற்குக் கீழேயே ‘தொடர்’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே போய்விடலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நான் மீட்பதற்குப் பயன்படுத்தும் அதே வழிதான் எடுத்துப் பார்ப்பவனுக்கும் வழி.

உங்கள் 14 எழுத்து வீண் என்று சொல்லவில்லை. நீங்கள் சமையலறையில் இருக்கும்போது கணினி முன்னால் யாரும் உட்கார்ந்துவிடாமல் அது தடுக்கும். ஆனால் அது வாசற்கதவின் பூட்டு மட்டுமே. உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தனிப் பூட்டு வேண்டும். அதன் பெயர் மறையாக்கம். கோப்பின் ஒவ்வொரு துணுக்கையும் கடவுச்சொல் இல்லாமல் படிக்கவே முடியாதபடி கலைத்து எழுதி வைப்பது. டிஸ்கைக் கழற்றி எடுத்துப்போனாலும் அவன் கையில் கிடைப்பது குப்பை.

புதிய மடிக்கணினிகளில் இது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. உங்களுடைய 2014 மேசைக் கணினியில், அதுவும் ஹோம் பதிப்பில், அந்த வசதி இருக்க வாய்ப்புக் குறைவு. அதனால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைச் சொல்கிறேன். ட்ரூகிரிப்ட் என்று முன்பு இருந்த மென்பொருளின் வேலை 2014 மே மாதத்தில் நின்றுபோனது. அதே மூலநிரலிலிருந்து வளர்ந்தது இது. ஒரு கோப்பு உருவாக்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்குகளுக்கு 2 ஜிபி தாராளம். கடவுச்சொல் கொடுத்தால் அந்தக் கோப்பு தனி டிரைவாக விரியும். வேலை முடிந்து மூடிவிட்டால் மறுபடி ஒரே கோப்பாகச் சுருங்கிவிடும். எக்செல் கணக்கை அதற்குள் மாற்றுங்கள். பழைய கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அழித்த கோப்பின் தடம் டிஸ்கின் காலியிடத்தில் கிடக்கும். அதைத் துடைக்க விண்டோஸிலேயே சைஃபர் என்ற கட்டளை இருக்கிறது. பழக்கமானவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: வெராகிரிப்ட் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் என்னாலும் திறக்க முடியாது, அதை எழுதியவர்களாலும் முடியாது. அடுத்த கேள்விக்கான பதிலையும் படித்துவிட்டு அதை அமைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டன. கணினியை மாற்றும் யோசனையை அதிகம் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உரியவரின் அனுமதி இல்லாமல் கணினியைத் திறந்து தரவை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆவது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. “சும்மா விளையாட்டுக்குப் பார்த்தான்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பையனை உட்கார வைத்து, அவன் செய்தது என்னவென்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மகள் படிப்புக்குத் தாய் சேர்க்கும் பணத்தில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் மாமியாரிடம் அந்தக் கணக்கை நீங்களே எடுத்துக் காட்டினால் என்ன?

கேள்வி: வயது 71. ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்கிறான் என் பேரன். எழுதாவிட்டால் எனக்கு நினைவில் நிற்பதில்லை. நான் என்ன செய்ய? மாதம் ஒருமுறை மாற்றவும் வேண்டுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எழுதி வையுங்கள் ஐயா. பேரனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எழுதக்கூடாது என்பது அலுவலகத்துக்கான விதி. அங்கே மேசையைக் கடந்து நூறு பேர் போவார்கள். திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்தால் அத்தனை பேரும் படிப்பார்கள். உங்கள் வீட்டு பீரோவுக்குள் இருக்கும் நோட்டை, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சல் கணக்குகளை உடைக்கப் பார்க்கும் ஒருவன் படிக்கப் போவதில்லை. எழுத முடியாது என்ற பயத்தில்தான் பலர் நினைவில் நிற்கும்படி எளிதாக வைக்கிறார்கள். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியே கசிந்தபோது, அவற்றில் மிகுதியாக இருந்தது ‘123456’. எளிதான கடவுச்சொல் தலைக்குள் இருப்பதைவிட, கடினமான கடவுச்சொல் பீரோவுக்குள் இருப்பது மேல்.

என் அப்பா 2012இல் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், நீல மையில், கணினி, மின்னஞ்சல், மின்வாரியக் கணக்கு, ரயில் முன்பதிவு என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடவுச்சொல். மாற்றியபோதெல்லாம் பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் தேதி போட்டிருந்தார். கீழே, ‘ராஜிக்குத் தெரியும்’ என்று என் அம்மாவின் பெயர். ஆறு நாட்களில் எல்லாக் கணக்குகளையும் முடித்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கணினி மேசை இழுப்பறையில் மட்டும் வைக்காதீர்கள். திருடன் வந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போவான்.

மாதம் ஒருமுறை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், அவ்வப்போது மாற்றச் சொன்ன தன் பழைய அறிவுரையை 2017இல் கைவிட்டது. காரணமில்லாமல் மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாருக்கோ தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அன்றே மாற்றுங்கள். இல்லாவிட்டால் விடுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைக்கலாமா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஆசை எனக்கும் உண்டு. ஆனால் உச்சரிப்பு முறையில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்கள் கடவுச்சொல் கட்டத்துக்குள் பெரும்பாலும் வேலை செய்யாது. நீங்கள் அடிப்பது புள்ளிகளாகத் தெரிவதால் எந்த எழுத்து விழுந்தது என்றும் பார்க்க முடியாது. வேறொரு கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்பீர்கள்.

தமிழில் யோசியுங்கள், ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொற்கள்: உரல், தந்தி, பலாப்பழம், கொசுவலை என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது.) சேர்த்து எழுதினால் முப்பது எழுத்துகளை நெருங்கும். பழம் என்பதில் வரும் ழகரத்தை ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், இன்னொருவர் வேறுவிதமாக எழுதுவார். அதுவும் உங்களுக்குச் சாதகமே. ஆனால் உங்கள் எழுத்துக்கூட்டல் எது என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டு மாற்றாமல் இருங்கள். சிறிய எழுத்தில் 8 மட்டும் வைத்தால் மொத்த வாய்ப்புகள் சுமார் 20,882 கோடி. பெரிய எண்ணாகத் தெரியும். நொடிக்குப் பல கோடி முறை முயன்று பார்க்கும் நிரல்களுக்கு அது ஒன்றுமே இல்லை. விசித்திரமான குறிகளைச் செருகுவதைவிட நீளம்தான் காப்பாற்றும்.

கேள்வி: விண்டோஸில் நீண்ட பாஸ்வேர்டுக்குப் பதில் 4 இலக்கப் பின் எண் (PIN) வைக்கச் சொல்கிறது. அது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பின் எண் அந்த ஒரு கணினியில் மட்டுமே செல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை உலகின் எந்த மூலையிலிருந்தும் முயன்று பார்க்கலாம். பின்னை உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் முயல வேண்டும். பலமுறை தவறாக அடித்தால் கணினி காக்க வைக்கும். ஆனால் 4 இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புதான். வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் தெரியும். 6 இலக்கமாவது வையுங்கள்.

கேள்வி: பயாஸ் பாஸ்வேர்ட் போட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாதாமே?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: கணினி எழும்போது விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் சிறு நிரல்தான் பயாஸ். பென் டிரைவிலிருந்து எழுப்புவதைத் தடுக்க அதன் கடவுச்சொல் உதவும். ஆனால் பல மேசைக் கணினிகளில், தாய்ப்பலகையில் இருக்கும் ஒற்றை ரூபாய் நாணயம் போன்ற பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் அந்தப் பூட்டு மறைந்துவிடும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் அப்படி மறையாது. மறந்தால் உங்களுக்கே தலைவலி. டிஸ்கைக் கழற்றி எடுப்பவனை எந்தக் கணினியிலும் இது தடுக்காது.

கேள்வி: மகளுக்கு 15 வயது. எங்கள் வீட்டில் ஒரே கணினி. தன் பாஸ்வேர்டை எங்களிடம் சொல்ல மறுக்கிறாள். சொல்லச் சொல்லி வற்புறுத்தலாமா?
— ஒரு தந்தை, வேலூர்

பதில்: ஒரே கணினியை எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதான் உங்கள் வீட்டின் சிக்கல். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தொடங்குங்கள். நிர்வாகி உரிமையுள்ள கணக்கு ஒன்றே ஒன்று. அதன் கடவுச்சொல் உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் மட்டும். அன்றாட வேலைக்கு நீங்களும் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துங்கள். புதிதாக ஒரு மென்பொருளை நிறுவப் பார்த்தால் கணினி பெரும்பாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். தகவல் திருடும் மென்பொருள்கள் பல அங்கேயே நின்றுவிடும். அவள் எத்தனை மணி வரை கணினியைப் பயன்படுத்தலாம் என்பதையும் அவளுக்குத் தெரியச் சொல்லிவிட்டு நீங்கள் அமைக்கலாம்.

அவளுடைய கடவுச்சொல்லை விட்டுவிடுங்கள் ஐயா. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, நமக்கு மட்டும் சொல் என்றால் அந்தப் பாடம் குழந்தையிடம் நிற்காது. நாளைக்கு அவளுடைய தோழனோ தோழியோ அன்பின் பெயரால் கேட்கும்போது மறுக்கும் பழக்கம் அவளுக்கு இன்றே வேண்டும்.

கேள்வி: கடவுச்சொல்லை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
— பள்ளி மாணவர், சீர்காழி

பதில்: கணினியில் கடவுச்சொல்லைக் கொண்டுவந்தவர் என்று பொதுவாக ஃபெர்னாண்டோ கார்பட்டோவைச் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை உருவாக்கினார். ஒருவர் கோப்பை மற்றவர் தொடாமலிருக்கக் கடவுச்சொல் வைத்தார். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு, தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. யாருடைய கடவுச்சொல்லையும் அவர் ஊகிக்கவில்லை, தம்பி. கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டுத் தரும்படி துளையட்டையில் கட்டளை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். திண்டுக்கல் வாசகி வீட்டில் நடந்ததும் அதேதான்.

கேள்வி: என் கணவர் ஜனவரியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் பத்தாண்டுகளாக எடுத்த கோயில் சிற்பப் படங்கள் எல்லாம் சென்ற ஆண்டு வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் இருக்கின்றன. அதன் பின் எண் எனக்குத் தெரியும்; திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சார்ஜ் ஏறவில்லை என்று பழுதுபார்க்கக் கொடுத்தேன். தாய்ப்பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. அப்படி ஓர் எண்ணை அவர் வைத்ததே இல்லை. ஃபார்மட் செய்தால் கணினி புதிதுபோல ஆகிவிடும் என்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, முதலில் கணினியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். ஃபார்மட் செய்தால் கணினி புதிதுபோல ஆகும், படங்கள் போய்விடும்.

அந்த எண்ணை உங்கள் கணவர் வைக்கவில்லை, கணினியே வைத்தது. விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதன்முறை நுழையும்போதே டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்துவிடுகின்றன. சாவி தாய்ப்பலகையோடு சேர்ந்த ஒரு சில்லில் பத்திரமாக இருக்கும். தாய்ப்பலகை மாறியதும் டிஸ்குக்குத் தன் பழைய காவலரை அடையாளம் தெரியவில்லை. யாரோ தன்னைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. மேலே திண்டுக்கல் வாசகிக்கு நான் பரிந்துரைத்த அதே வகைப் பூட்டு. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்த எண்ணைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள் என்று பலகையைக் கழற்றும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கை வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

சாவியின் நகல் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி. கணவரின் மின்னஞ்சலாக இருக்கலாம். கணினி வாங்கிய நாளில் அதை அமைத்துக் கொடுத்தவர் மகனோ மருமகனோ என்றால், அவர்கள் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கலாம். என் கடையில் இப்படி இரண்டு முறை மருமகனின் கணக்கிலிருந்து சாவி கிடைத்திருக்கிறது. அவர்களை அந்தக் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் (விண்டோஸின் மறையாக்க வசதி) மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீலத் திரையிலேயே சாவியின் அடையாள எண் ஒன்று தெரியும். அதன் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, கணக்கில் இருக்கும் அடையாளத்தோடு ஒப்பிட்டால் சரியான சாவி எது என்று தெரிந்துவிடும்.

கணவரின் கணக்குதான் என்றால், அதன் கடவுச்சொல்லை மீட்க அவருடைய கைபேசி எண்ணுக்கோ இன்னொரு மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். அவருடைய சிம் அட்டையை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். இதை இன்றே செய்யுங்கள். காலாவதியானால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். சாவியைச் சிலர் அச்சிட்டும் வைப்பார்கள், பென் டிரைவில் சேமித்தும் வைப்பார்கள். கணினி வாங்கிய பெட்டி, பில் வைத்த கோப்பு, அவருடைய கேமரா பை ஆகியவற்றையும் பாருங்கள். பழுதுபார்த்தவர்களிடம் பழைய தாய்ப்பலகையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பழுது சார்ஜ் ஏறும் பகுதியில் மட்டும் என்றால், அதைச் சரிசெய்து திரும்பப் பொருத்தினால் டிஸ்க் தன் காவலரை அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு.

சாவி கிடைத்தால் அந்த 48 இலக்கத்தைத் தொலைபேசியில் யாருக்கும் படித்துச் சொல்லாதீர்கள். எனக்கும் அனுப்ப வேண்டாம். நீங்களே நிதானமாக அடியுங்கள், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். திறந்தவுடன் முதல் வேலையாகப் படங்களை இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகளில் நகலெடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை மகள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ வையுங்கள். இத்தனை இடங்களிலும் தேடி முடிக்கும்வரை, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.